பள்ளியில் ஓட்டமும் ஆட்டமும்: வேலூர்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு வட்டாரத்துப் பெற்றோர் கூட்டங்களிலும் ஆசிரியர் அறைகளிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரியவர்கள் இன்னும் நார்த் ஆர்க்காடு என்றே சொல்லும் இந்த நிலத்தில் வெயிலும் தூசியும் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் எழுதுகிற பதில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயமும் நடுநடுவே வரும்.

ஒரு பிள்ளை நாளுக்கு எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். சும்மா நடமாடுவது கணக்கில் வராது. மூச்சு வாங்கி வியர்க்கிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது குதிப்பது, ஏறுவது, தண்டால் எடுப்பது மாதிரி எலும்புக்கும் தசைக்கும் வேலை வைக்கிற ஏதாவது இருக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் தேவையில்லை. பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் சரி.

பீஞ்சமந்தை பக்கம் மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இதில் பாதி வழியிலேயே முடிந்துவிடும். காட்பாடியில் வீட்டு வாசலில் வேன் ஏறி, பள்ளி வாசலில் இறங்கி, மாலையில் அப்படியே டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு இடமே கிடையாது.

வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருக்கிறதே, போதாதா?

டைம்டேபிளில் இருக்கிறது என்பது உண்மை. அந்த பீரியடில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் கடிகாரத்தோடு நின்று பாருங்கள்.

45 நிமிட பீரியட், 50 பிள்ளைகள். மாடியிலிருந்து வரிசையாக இறங்கி வர ஐந்து நிமிடம். வரிசை கட்டி, எண்ணிக்கை எடுக்க ஐந்து. வலையை எடுத்து வந்து கட்ட ஐந்து. முடிவில் கை கால் கழுவி வகுப்புக்குத் திரும்ப ஐந்து. மிச்சம் 25 நிமிடம். இருப்பது ஒரே வாலிபால். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. மீதி 38 பேர் வேப்பமரத்தடியில். ஆடுகிற பன்னிரண்டு பேரிலும் பந்து யார் கைக்குப் போகும்? ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்த நாலைந்து பேருக்கு. மற்றவர்கள் "சர்வீஸ்!" என்று கத்திவிட்டு நிற்பார்கள். அன்றைய பீரியடில் பெரும்பாலான பிள்ளைகளின் இதயத் துடிப்பு மாடிப்படியில்தான் ஏறியிருக்கும்.

நமது பள்ளி விளையாட்டே நன்றாக ஆடுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக அமைந்துபோனது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி, அதற்கு டீம், டீமுக்குப் பன்னிரண்டு பேர். கோப்பை வந்தால் தலைமை ஆசிரியர் அறையில் கண்ணாடி அலமாரியில் இருக்கும். நான் கோப்பைக்கு எதிரி இல்லை. ஆனால் மீதி 38 பேரையும் அசைய வைப்பதுதான் உடல்திறன் திட்டம். டீம் பயிற்சியை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

அதே 25 நிமிடத்தில் செய்யக்கூடியது: வகுப்பை ஐந்து கூட்டமாகப் பிரியுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஸ்கிப்பிங் கயிறு, ஒன்றுக்கு இரண்டு கல்லுக்கு நடுவே ஷட்டில் ஓட்டம், ஒன்றுக்கு மூன்றுக்கு மூன்று பந்தாட்டம், ஒன்றுக்கு நொண்டி, ஒன்றுக்குத் தண்டாலும் தவளைப் பாய்ச்சலும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விசில், இடம் மாறட்டும். இன்னொன்று, 'அவுட்' ஆனால் உட்கார வேண்டிய விளையாட்டைக் குறையுங்கள். முதலில் அவுட் ஆகிறவன் யார்? ஓட முடியாதவன். அவனுக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை, அவனைத்தான் முதலில் உட்கார வைக்கிறோம்.

இந்தத் திட்டங்களால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவு இல்லை. காக்ரேன் என்ற அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துச் சல்லடை போட்டுப் பார்ப்பது. பள்ளி உடற்பயிற்சித் திட்டங்களைப் பற்றி 2021இல் அவர்கள் புதுப்பித்த தொகுப்பில் 89 ஆய்வுகள், 66,000க்கு மேற்பட்ட பிள்ளைகள். முடிவு என்ன தெரியுமா? திட்டம் நடந்த பள்ளிகளில் மூச்சு வாங்கும் அளவிலான அசைவு நாளுக்குச் சராசரியாக ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. உட்கார்ந்திருக்கும் நேரம் நாலு நிமிடத்துக்கும் குறைவாகவே இறங்கியது. இதய, நுரையீரல் திறன் மட்டும் கொஞ்சம் மேம்பட்டிருக்கலாம். எடையில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சராசரி என்பது நன்றாக நடத்தியது, பேருக்கு நடத்தியது எல்லாம் கலந்து வருவது. பாடப்புத்தகத்தில் ஒரு பாடம், சுவரில் ஒரு போஸ்டர், ஆண்டுக்கு ஒரு வாரக் கொண்டாட்டம் என்று நடத்தினால் ஒரு நிமிடம்தான் கூடும். பிள்ளை தினமும் மைதானத்தில் இருந்தால்தான் உடம்பு மாறும்.

என் பிள்ளை குண்டாக இருக்கிறான். பள்ளியில் ஓடினால் உடம்பு குறையுமா?

அந்த எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம்தான். எடையைத் தீர்மானிப்பதில் தட்டுக்கும் தூக்கத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. பள்ளி வாசல் பஜ்ஜிக் கடைக்கும் உண்டு. ஓட்டத்தால் எடை அப்படியே இருந்தாலும் இதயம் பலப்படும், ரத்தத்தில் சர்க்கரையைக் கையாளும் திறன் கூடும், எலும்பு உறுதியாகும். அதுவே போதுமான லாபம்.

ஒல்லியாக இருக்கிற பிள்ளையின் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நம் மக்களுக்கு ஒரே எடையில் வெள்ளைக்காரர்களைவிட உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் அதிக எடைக்கான கோட்டை, பெரியவர்களின் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 25க்குப் பதிலாக 23க்கு இணையாக இறக்கி வைத்தார்கள். பிள்ளைகளின் பி.எம்.ஐ.யை வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களின் எண்ணை வைத்துப் பார்த்தால் தப்பாகவே வரும். நம் ஊர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களைப் பெரியவர்களான பிறகும் பின்தொடர்ந்து, சர்க்கரை நோயையும் இதய நோய்க்கான காரணங்களையும் பார்த்தார்கள். நடுவயதில் வரும் நோய்க்குச் சிறுவயதிலேயே கண் வைக்க வேண்டும் என்கிற பேச்சு இந்த ஊருக்குப் புதிதில்லை.

வேலூர் வெயிலில் பிள்ளைகளை ஓட விடலாமா?

'வெயிலூர்' என்று சும்மாவா கேலி பேசுகிறார்கள்? சுற்றிலும் பாறை மலை, ஆற்றில் தண்ணீருக்குப் பதில் மணல். ஏப்ரல், மே மட்டுமில்லை, ஜூனிலும் 40 டிகிரியைத் தொடும். 2023இல் வெயில் தாங்காமல் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளித் திறப்பே ஜூன் 12க்குத் தள்ளிப்போனது.

ஆகவே மார்ச் முதல் ஜூலை வரை பி.டி. பீரியடை 11 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே போடவே கூடாது. இது டைம்டேபிள் போடுகிறவர் கையில் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் கையில் இல்லை. காலை முதல் இரண்டு பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கிவிட்டு, மதியம் ஒன்றரை மணிக்கு விளையாட்டு போடுவது நம் பள்ளிகளில் ஊறிப்போன பழக்கம். பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

விடுமுறை முடிந்து வந்த பிள்ளையை முதல் நாளே ஓட விடாதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் நடை, நிழல் விளையாட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விட்டால் விளையாட்டு மும்முரத்தில் குடிக்க மாட்டார்கள். நேரத்துக்கு மணி அடித்துத் தண்ணீர் குடிக்க வைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது, நல்ல விஷயம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வியர்வை இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; 108க்கு அழையுங்கள். சுயநினைவு இல்லாத பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எங்கள் பள்ளிக்கு மைதானமே இல்லை. என்ன செய்வது?

வேலூர் நகரில் கஸ்பா, சைதாப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் இருக்கும் பள்ளிகளில் இது நிஜமான பிரச்சினை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009இன் அட்டவணையில், பள்ளியில் இருக்க வேண்டியவற்றில் விளையாட்டு மைதானமும் இருக்கிறது. கட்டடங்களுக்கு நடுவே அதை எங்கே தேடுவது?

ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் என்ற ஊரில் 2012இல் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை எளிய வழி ஒன்றைத் தொடங்கினார். தினமும் 15 நிமிடம் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து பள்ளியைச் சுற்றி நடக்கவோ ஓடவோ வேண்டும். தனி உடை கிடையாது, பந்து கிடையாது, போட்டி கிடையாது. அவரவர் வேகம். 2018இல் வந்த ஆய்வில் அப்படிச் செய்த பிள்ளைகளின் ஓட்டத் திறன் கூடியிருந்தது, உடம்புக் கொழுப்பும் கொஞ்சம் குறைந்திருந்தது. அவர்கள் குளிரில் செய்தார்கள்; நாம் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் செய்யலாம். பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே வெளியில்தான் நிற்கிறார்கள். கூட்டத்தில் நீளமாகப் பேசுகிறவர்கள் பேச்சைக் குறைத்தாலே பத்து நிமிடம் கிடைத்துவிடும்.

நொண்டிக்குப் பெரிய இடம் வேண்டாம், கயிறாட்டத்துக்கும் வேண்டாம். மொட்டை மாடியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் இருந்தாலும் மனசுக்கு நிம்மதி இருக்காது.

உடற்கல்வி ஆசிரியரே இல்லாத தொடக்கப் பள்ளியில்?

வகுப்பு ஆசிரியர்தான் செய்ய வேண்டும், செய்யவும் முடியும். ஓடிப்பிடித்து விளையாட விசில் ஊதத் தெரிந்தால் போதும். நடுநிலைப் பள்ளிகளில் 2012 முதல் வந்த பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் சில அரை நாட்களே இருப்பார்கள். அவர்கள் வரும் நாளில் வகுப்பு ஆசிரியர்களுக்கும் நாலு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தால் மற்ற நாட்கள் வீணாகாது.

பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு எதற்கு? படிப்பு கெடாதா?

கெடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி நேரத்தால் மதிப்பெண் குறைந்ததாகக் காட்டியவை மிகச் சொற்பம். பாதிக்குப் பாதி நல்ல பலன், மற்றதில் வித்தியாசமில்லை. மார்க் ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், இறங்காது என்று சொல்வேன்.

பி.டி. பீரியடைக் கடன் வாங்குகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கைதட்டினோம். அடுத்த பிப்ரவரியில் ரிவிஷன் டெஸ்ட் வந்ததும் பீரியட் மறுபடி கணக்குக்குப் போனது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடனை யாரும் திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை.

ஃபிட் இந்தியா டெஸ்ட் என்று எழுதி அனுப்புகிறார்களே, அது என்ன?

மத்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கம் 2019 ஆகஸ்ட் 29 அன்று, தேசிய விளையாட்டு நாளில் தொடங்கியது. அதையொட்டிய சோதனைகள் இவை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உயரம், எடை, ஒற்றைக் காலில் நிற்பது, இரண்டு வட்டுகளைக் கையால் மாறி மாறித் தட்டுவது. நாலாம் வகுப்பிலிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது, வயிற்றுத் தசைக்கான பயிற்சி, தண்டால்.

டிராக் இல்லையே என்று 600 மீட்டரை விட்டுவிடுகிறார்கள். நீளம் 50, அகலம் 25 மீட்டரில் நாலு மூலைக்கும் செங்கல் வைத்தால் ஒரு சுற்று 150 மீட்டர். நாலு சுற்றில் முடிந்தது.

எண்ணை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வகுப்பு முன்னால் எடையைச் சத்தமாக வாசித்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வயிற்றுவலி என்று லீவு போடும். ஜூலையில் ஓடியதையும் ஜனவரியில் ஓடியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பிள்ளையிடம் மட்டும் காட்டுங்கள். பக்கத்து பெஞ்ச் பையனோடு ஒப்பிட வேண்டாம்.

பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் மைதானத்துக்கு வரத் தயங்குகிறார்கள். ஏன்?

தயக்கம் அவர்களிடம் மட்டும் இல்லை, நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டிலும் இருக்கிறது. துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு எப்படி ஓடுவது? விளையாட்டு நாளில் டிராக் பேண்ட், டி-ஷர்ட் அணியலாம் என்று தலைமை ஆசிரியர் ஒரு வரி எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். கதவு தாழ் போடும் கழிப்பறையும் தண்ணீரும் இருந்தால் மீதியில் பாதி. ஒரே மைதானத்தில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தால், பெண்கள் ஓரத்துச் சுவரில் சாய்ந்துதான் நிற்பார்கள். நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள், அல்லது மைதானத்தில் கோடு போட்டுப் பாதியை அவர்களுக்கு விடுங்கள்.

மாதவிடாய் நாட்களில் விளையாடலாமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். தாராளமாக விளையாடலாம், பலருக்கு வலி குறையவும் செய்யும். முடியவில்லை என்கிற பிள்ளையைக் காரணம் கேட்டு வகுப்பு நடுவே நிற்க வைக்காமல் இருந்தால் போதும். எறிபந்து, வளையப்பந்து, கோகோ இந்த மூன்றிலும் நம் பக்கத்துப் பெண்கள் ஆரம்பித்தால் விட மாட்டார்கள். ஒரு முறை நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டால் பெல் அடித்தும் வகுப்புக்குப் போகாமல் நிற்பது அவர்கள்தான்.

காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளையை ஓட வைக்கலாமா?

கூடாது. முதலில் கேளுங்கள், "காலைல என்ன சாப்ட்ட?" முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை கவலை குறைந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து வெறும் டீயோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் களைத்து மூச்சு வாங்கும் பெண் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள், ரத்தசோகையாக இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொள்கிறாளா என்று பாருங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் வரும் குடற்புழு மாத்திரையும் அப்படியே.

வீசிங் உள்ள பிள்ளை?

மருத்துவர் சொன்ன மருந்தோடு விளையாடலாம். இன்ஹேலர் வகுப்புப் பையில் மாடியில் இருக்கக் கூடாது, மைதானத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதயக் கோளாறு இருந்தாலோ, ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் விளையாட்டு வேண்டாம்.

என் பையன் வெயிட் தூக்கப் போகிறேன் என்கிறான். வளர்த்தி நின்றுவிடாதா?

இது நம் ஊர்க் கேள்வி. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்ட் கோஸ்ட்டிலும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு வேலூரில் எந்தப் பையனுக்குத்தான் ஆசை வராது? முறையான பயிற்சியால் வளர்த்தி நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நல்ல பயிற்சியாளர் பையனை முதலில் வெறும் கம்பைப் பிடித்துத்தான் பழக வைப்பார். உட்கார்ந்து எழும் முறை சரியாகும்வரை எடையைத் தொட விடமாட்டார். முதல் வாரத்திலேயே 'எவ்வளவு தூக்குவே பார்ப்போம்' என்கிற இடத்திலிருந்து பையனைக் கூட்டி வந்துவிடுங்கள். புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்கச் சொன்னாலும் அப்படியே.

தப்பு செய்த பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது உடற்பயிற்சிதானே?

இல்லை. ஹோம்வொர்க் எழுதாததற்கு நாலு ரவுண்டு, லேட்டாக வந்ததற்கு ஐம்பது தோப்புக்கரணம் என்று கொடுத்துவிட்டு, அதே ஓட்டத்தை வெள்ளிக்கிழமை ஆசையாக ஓடு என்றால் யார் ஓடுவார்கள்? ஓட்டத்தைத் தண்டனையாக்கும் பள்ளியில் வேறு எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் நடக்காது என்பது என் கருத்து.

யோகாவும் சிலம்பமும் கணக்கில் சேருமா?

சிலம்பம் தாராளமாக. பத்து நிமிடம் கம்பு சுற்றிப் பாருங்கள், தெரியும். யோகா உடல் வளைவுக்கும் மனசுக்கும் நல்லது. மூச்சு வாங்கும் அசைவுக்கு அது மாற்றாகாது.

செலவுக்கு எங்கே போவது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருட்களுக்கென்று ஆண்டு மானியம் உண்டு: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய். வந்த பணத்தில் ஒரு கேரம் போர்டும் ஒரு செஸ் போர்டும் வாங்கி பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு முப்பது ஸ்கிப்பிங் கயிறு, பத்து ரப்பர் பந்து, கொஞ்சம் சுண்ணாம்புப் பவுடர் வாங்கினால் ஒரு வகுப்பே ஒரே நேரத்தில் அசையும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ரசீதைப் பார்க்கக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

காலணி பற்றியும் கேட்பார்கள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்க, நம் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுவது வேடிக்கைதான். மண் தரையில் வெறுங்காலால் கெடுதல் இல்லை. நெருஞ்சியும் வேலிக்கருவை முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கியிருக்க வேண்டும், மணல் சுடக் கூடாது, அவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் எல்லாம் நின்றுபோகுமே?

நின்றுபோகும், ஜூனில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துகிறது. ஏப்ரலிலேயே மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். முகாம் கிடைக்காத பிள்ளைக்குக் காலை ஆறு மணி கோட்டை மைதானம் இருக்கிறது. பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடப் போனால் எட்டு மணிக்குள் வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள், பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும் பக்கம் போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.